படியாத சேறு

நடவு மிஷின் ஓட்டும் வேலைக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். மாதச் சம்பளம், வாரம் ஒரு நாள் விடுப்பு, வருடம் முழுக்க வேலை. நெல் வயலில் இப்படி ஒரு வேலை கிடைக்குமென்று எங்கள் ஊரில் யாரும் கனவுகூடக் கண்டதில்லை. கடைசித் தேர்வில் அவரவர் வயலில் அவரவரே சேறு தயார் செய்து, மிஷினில் நட்டுக் காட்ட வேண்டும். தேறாவிட்டால், பன்னிரண்டு மணி நேரம் கால் கடுக்க நிற்கிற துணிக்கடைக்கே நான் திரும்பிப் போக வேண்டும்.

கையால் நடுகிறவர்கள் உழுத கையோடு நட்டுவிடுவார்கள். மிஷினுக்கு அது ஆகாது. சேறு இரண்டு நாளாவது படிய வேண்டும். இல்லையென்றால் சக்கரம் புதையும், நாற்று மிதக்கும். நான் முந்தாநாளே உழுது, சமன் செய்து, தண்ணீரை வடித்து வைத்திருந்தேன்.

காலையில் பயிற்சி அதிகாரியோடு வரப்பில் போய் நின்றால், வயல் முழுக்க ஒரே கலங்கல். முழங்கால்வரை சேற்றோடு அப்பா நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. மறுபடி உழுதிருக்கிறார் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. மரக்கட்டை மாதிரி நின்றேன்.

"சேறு எப்போ அடிச்சது?" என்றார் அதிகாரி.

"முந்தாநாள் சார்."

உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு தேதி கொடுத்திருப்பார். ஆனால் "என் பொண்ணு மிஷின் ஓட்டப்போறா" என்று தம்பட்டம் அடித்து, பாதித் தெருவை வரப்பில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த மனிதரை அவர்கள் முன்னாலேயே முட்டாளாக்க எனக்கு வாய் வரவில்லை. மிஷினை இறக்கினேன்.

பத்தடிகூடப் போகவில்லை. சக்கரம் புதைந்தது. நட்ட நாற்றெல்லாம் பின்னாலேயே மிதந்து வந்தது.

"என்னம்மா, இது முந்தாநாள் அடிச்ச சேறா?"

அப்பா ஓடி வந்தார். "இல்ல சார், விடியக்காலையில நான்தான் இன்னொரு தடவை ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி இருக்கட்டுமேன்னு. ஏன் சார், தப்பா?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா எறக்கின? தெரியாத ஆளுக்கு சொல்லிக் குடுத்துடலாம்மா. தெரிஞ்சே எறக்கற ஆள்கிட்ட மிஷினைக் குடுக்க முடியாது."

அவர் சொன்னதில் எந்தக் குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. தலையாட்டினேன்.

மறுநாள் மிச்ச நாற்றை நானும் அப்பாவும் கையால் நட்டோம். அழுகை வருமென்று பார்த்தேன், வரவில்லை. துணிக்கடைக்கு எந்த பஸ்ஸில் போவது என்றுதான் மனசு கணக்குப் போட்டது. நாலு வரிசை நட்ட பிறகு அப்பா நிமிராமலே கேட்டார்.

"சேறு படியணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

ஆறு வாரமும், சாப்பிட உட்காரும்போதெல்லாம், "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று ஆசையாகக் கேட்டவர் அவர். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு நான் கை கழுவப் போய்விடுவேன்.