மணப்பெண்ணுக்குப் போன விளக்கு

எங்கள் நோயாளி தன்னூனின் கால் புண்ணில் இருந்தது அனுபவசாலிக் கிருமி. மோசூல் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் மாத்திரை எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டது. பாதி மாத்திரை அக்கம்பக்கத்தார் அன்பாகக் கொண்டுவந்தது. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சோடு ஆன்டிபயாடிக்கும் வாங்கி வருவார்கள்.

ஆகவே மருந்தை விட்டு வெளிச்சத்துக்கு வந்தோம். புண்ணில் நீலச் சாயம் தடவி, அது கிருமிக்குள் ஊறியதும் சிவப்பு விளக்கைக் காட்டுவது. வெளிச்சம் பட்டால் சாயமே கிருமியைக் கொன்றுவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், விடாமல் செய்ய வேண்டும். மருத்துவமனையில் இருந்தது ஒரே விளக்கு. அதற்குப் பொறுப்பான பொறியாளன் நான். அதாவது பிளக்கைச் செருகுகிறவன். ரயானின் அப்பா என்பதால் எல்லோருக்கும் அபூ ரயான்.

தன்னூன் ரொட்டி சுடுகிறவர். நாளெல்லாம் அடுப்பின் முன்னால் நிற்கிற பிழைப்பு.

"அபூ ரயான், எந்த கலர் வேணா அடிச்சுக்கங்க. கால் நிக்கணும், அவ்வளவுதான்."

பத்து தடவையில் உள்ளங்கை அகலப் புண் பேரீச்சம்பழ அளவுக்குச் சுருங்கியது. பெருமையில் என் நடையே மாறிவிட்டது.

அப்போது துறைத் தலைவர் கூப்பிட்டார். மகளுக்குக் கல்யாணம், முகத்தில் பரு. இதே விளக்கு பருவுக்கும் கேட்குமாம்.

"மூணே நாள், அபூ ரயான்."

இங்கே பெரியவர்கள் கேட்டால் மறுக்க முடியாது, ஒரே பதில்தான். "என் கண் மேல, டாக்டர்" என்றேன். கண் என்னுடையது, கால் தன்னூனுடையது. விளக்கை என் சால்வையில் சுற்றி நானே காரில் ஏற்றினேன்.

மூன்று நாள் ஒன்பதானது. மருதாணி, கல்யாணம், பிறகு தங்கைக்கும் பரு. தன்னூனிடம், பல்பு போய்விட்டது, பாக்தாத்திலிருந்து வர வேண்டும் என்றேன்.

"அப்ப என் பேரன் கல்யாணத்துக்குள்ள வந்துடும்" என்றார்.

ஏழாம் நாள் புண் நாறியது. நர்ஸ் ஸுஹா என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போனாள்.

"போய்க் கேளுங்க."

"கல்யாண வீட்ல எப்படிம்மா கேக்கறது?"

"வாயாலதான்."

போனேன். கறி அடைத்த குப்பா உருண்டை பரிமாறினார்கள், நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு, கேட்காமல் திரும்பினேன்.

பத்தாம் நாள் விளக்கு வந்தது, கூடவே ஒரு பெட்டி கல்யாண இனிப்பும். அன்று காலைதான் அறுவை மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லியிருந்தார்: "எலும்புக்குப் போயிடுச்சு. உங்க வெளிச்சம் அங்க எட்டாது." மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, அடுத்த கட்டில்காரருக்காக விளக்கைத் தள்ளிக்கொண்டு போனேன். தன்னூன் கை நீட்டி அதை நிறுத்தினார். விளிம்பில் ஒட்டியிருந்த முகப்பவுடரை விரலால் வழித்து மோந்து பார்த்தார். மேசைமேல் இருந்த இனிப்புப் பெட்டியையும் பார்த்தார்.

"பொண்ணு அழகா இருந்தாளா?"

இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை.

"இருந்தா" என்றேன்.