ஏற்காட்டில் எழுந்து நின்ற தேங்காய்

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம் நாங்கள் மூன்று பேர் ஏற்காட்டுக்குப் போனோம். ஊர் சுற்றிப் பார்க்கப் போனோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மச்சானின் வலது கையைச் சோதித்துப் பார்க்கப் போனோம்.

மச்சான் என்றால் என் அக்கா சௌந்திரத்தின் வீட்டுக்காரர் ராசப்பன். சேந்தமங்கலம் சுற்றுவட்டாரத்தில் நீரோட்டம் பார்க்க அவரை விட்டால் ஆள் கிடையாது. உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கப் போட்டுக்கொண்டு உழவுக் காட்டில் நடப்பார். அடியில் தண்ணீர் ஓடுகிற இடம் வந்ததும் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரு குச்சியை ஊன்றுவார். அதுதான் பாயிண்ட். போர் போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அங்கே துளை போடலாம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு குச்சி பொய்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன் என் காட்டில் மட்டும் மூன்று முறை கோட்டை விட்டார். மூன்று துளையிலும் புகைதான் வந்தது. ஊரார் காட்டில் எல்லாம் தண்ணீர், சொந்த மச்சினன் காட்டில் புழுதி. நெருக்கிப் பிடித்துக் கேட்டபோதுதான் விஷயத்தைக் கக்கினார். நாலு மாதமாகத் தேங்காய் எழவே இல்லையாம். நான் நச்சரித்ததால் உத்தேசமாகக் குச்சியை ஊன்றிவிட்டாராம். அக்கா வீட்டுக்காரராகப் போய்விட்டார், இல்லையென்றால் அன்றைக்கே கைகலப்பு ஆகியிருக்கும்.

என் அவசரம் எனக்கு. ஆறு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த நூறு தென்னையும் மட்டை தொங்கி நின்றன. போர் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி வெள்ளிக்கிழமை வருகிறது. அதை விட்டால் ஆந்திராவுக்குப் போய்விடும், ஆடிக்குத்தான் திரும்பும். வெள்ளிக்கிழமைக்குள் சரியான பாயிண்ட் ஒன்று வேண்டும். இல்லையென்றால் என் தென்னையெல்லாம் விறகு.

தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடை தெரிந்த படிக்கல்லை வைக்கிறோம் அல்லவா? அதுபோலத் தண்ணீர் நிச்சயமாக இருக்கிற இடத்தில் மச்சான் கையை நிறுத்திப் பார்த்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஆனால் அந்த வருஷம் அப்படி ஓர் இடம் எங்கே இருந்தது? பள்ளிபாளையத்தில் காவிரி மணலில் நாய்கள் படுத்துக் கிடந்தன. கொல்லிமலை அருவியே சொட்டிக்கொண்டிருந்தது. ஏற்காட்டு ஏரியில் மட்டும் படகு ஓடுகிறது என்று அக்கா சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஏற்காடு பார்க்க ஆசை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.

சேலத்தில் பஸ் ஏறினோம். மச்சான் மடியில் தேங்காய். கொண்டை ஊசி வளைவுகளில் அக்கா வாந்தி எடுத்தாள், நான் வாந்தி எடுத்தேன், மச்சான் தேங்காயைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே இறங்கினால் எதிரில் இருக்கிற ஆள் தெரியாத பனி. மச்சான் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று உள்ளங்கையை விரித்தார். தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா ஏரி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அடுத்து டீக்கடையில் தேங்காய் நின்றது. வெள்ளைக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லறை மேலும் நின்றது. நாங்கள் தங்கின இடம் நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு துரையின் பங்களா. அதன் வாட்ச்மேன் அருணகிரி வருகிறவர்களுக்கெல்லாம் துரை உட்கார்ந்த நாற்காலி, துரை சுட்ட காட்டுமாட்டின் கொம்பு என்று காட்டிக்கொண்டு திரிகிறவர். மாடியில் துரையின் கட்டிலுக்குப் பக்கத்தில், பலகைத் தரையில் மச்சான் நின்றபோதும் தேங்காய் எழுந்து நின்றது. எனக்குச் சுருக்கென்றது. கீழே சமையலறை அல்லவா இருக்கிறது? அருணகிரிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. மறுநாள் காலையில் திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம், துரை இந்த இடத்தில் கட்டில் போட்டதே அடியில் ஊற்று ஓடுவதால்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர்களும் கட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஏரிக்குப் போனோம். அதற்குள் அக்கா கடைவீதியில் மச்சானுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வாங்கி மாட்டிவிட்டிருந்தாள். படகு ஏரியின் நடுவுக்குப் போனதும் மச்சான் கையை விரித்தார். தேங்காய் செத்த எலி மாதிரி கிடந்தது. அடியில் இருபதடி தண்ணீர். கையை இடம் வலமாகக் கொண்டுபோனார். அசையவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார், பல் தந்தியடித்தது, தேங்காய் நின்றது. மாட்டச் சொன்னேன். படுத்தது. படகுக்காரன் துடுப்பை விட்டுவிட்டு எங்களையே பார்த்தான். நான்கு முறை மாட்டி நான்கு முறை கழற்றினோம். மச்சான் கைக்குத் தெரிந்தது தண்ணீர் இல்லை, குளிர்.

அக்கா அவர் குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஏனுங்க, பாயிண்டு பாக்கப் போறப்பெல்லாம் விடியக்காலம் தலைக்கு ஊத்திக்கிட்டு ஈர வேட்டியோடதானுங்க போவீங்க. இந்த வருசந்தான் கெணத்துல தண்ணியில்லீனு மூஞ்சிய மட்டும் தொடச்சிக்கிட்டுப் போறீங்க.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தண்ணீர் இல்லாததால் குளிக்கவில்லை. குளிக்காததால் நடுங்கவில்லை. நடுங்காததால் தண்ணீர் அகப்படவில்லை. அப்புறம் பன்னிரண்டு வருஷம் எப்படித்தான் தண்ணீர் வந்தது என்று மச்சான் பரிதாபமாகக் கேட்டார். அந்த வருஷங்களில் மழை பெய்தது, எங்கே தோண்டினாலும் வந்திருக்கும் என்றேன், ஈவிரக்கம் இல்லாமல்.

இடிந்துபோவார் என்று நினைத்தேன். மனுஷன் பங்களாவுக்கு வந்ததும் தேங்காயை வாசற்படியில் உடைத்தார். ஒரு மூடியை வெல்லத்தோடு தானே தின்றார். பிறகு அக்காவோடு ரோஜாத் தோட்டம் வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். அவர்கள் சேர்ந்து நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, எப்போதும் அவர் பத்தடி முன்னால் போவார்.

“ஒவ்வொரு போருக்கும் மொதநா ராத்திரி பொட்டுத் தூக்கம் வராது, மாப்பிள்ளை. எம்பட பேச்ச நம்பி ஒருத்தன் குடும்பமே நிக்குதேன்னு இருக்கும். இனி எனக்கு அந்தக் கவல இல்ல.”

அதைச் சொன்னபோது அவர் முகம் இளவட்டத்து முகமாக இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, என் தென்னை ஞாபகம் வருகிற வரைக்கும்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ரிக் வண்டி வந்து நின்றது. டிரில்லர் வேலுமணி, குச்சி எங்கே ஊன்றியிருக்கிறது என்று கேட்டார். ஊரே கூடியிருந்தது. மச்சான் கூட்டத்தின் நடுவில் நின்று, தன் கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் குளிர் நடுக்கம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். யாரும் நம்பவில்லை. பெரிய மனுஷர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்றார்கள்.

ஏரியில் என் இரண்டு கண்ணாலும் பார்த்தவன் நான். அது வெறும் நடுக்கம் என்று மச்சானைத் தவிரக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான். ஆனால் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது, என் காடு ஐந்து ஏக்கர், எங்கே என்று கை காட்டுவேன்? நான் காட்டி வராமல் போனால் ஆயுசுக்கும் என்னையே திட்டிக்கொண்டிருக்க வேண்டும். மச்சானைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

“பொய்யின்னு தெரிஞ்சுதானுங்க கேக்கறேன், மச்சான். ஒரே ஒருக்கா.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “வராட்டிப் போகுது, மாப்பிள்ளை. வந்துட்டா?”

அந்தக் கேள்வி அப்போது என் மண்டையில் ஏறவில்லை. இரண்டு மைல் நடந்து பெண்கள் கொண்டுவந்த குடிதண்ணீர் இரண்டு குடம் இருந்தது. கேட்டதும் கொடுத்தார்கள். இரண்டையும் மச்சான் தலையில் நானே ஊற்றினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தை மாதத்துக் காற்றில் அவர் உடம்பு வெடவெடவென்று ஆடியது. யாரோ ஒரு தேங்காயைக் கையில் வைத்தார்கள். இருபதடி நடந்ததும் எழுந்து நின்றது. அந்த இடத்தில் போடச் சொன்னேன்.

இருநூற்றுப் பத்தடியில் தண்ணீர் பீறிட்டு அடித்தது. ஜனங்கள் சேற்றில் விழுந்து புரண்டார்கள். நானும் புரண்டேன். எழுந்து பார்த்தபோது மச்சான் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று வேலுமணி எல்லாருக்கும் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை அக்கா கதவைத் திறந்தபோது வாசலில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். கெங்கவல்லியிலிருந்துகூட ஒருவர் வந்திருந்தார். ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் அதை எங்கே பிடித்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்.