வெள்ளை அடிக்காத மாடி வீடு

பொங்கலுக்கு நாலே நாள் இருந்தது. மாடி வீட்டுப் பூவாத்தாள் இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. விற்கப்போகிற வீட்டுக்கு எவளாவது சுண்ணாம்பு வாங்குவாளா? கீழ்வீட்டு நாகஜோதிக்கு இந்தச் சந்தேகம்தான்.

வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கே ஹவுசிங் போர்டு அந்த வீடுகளை எழுதிக்கொடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பிளாக்குக்கு நாலு வீடு. ஆளுக்கொரு பத்திரம் வந்தது; மொட்டை மாடிக்குத்தான் நாதியில்லை. முன்பு ஒழுகினால் போர்டு ஆபீஸில் போய்ச் சண்டை போடலாம். இப்போது யாரிடம் கத்துவது? போன மழையில், "ஆளுக்குப் பாதி போட்டுக் கூரையைப் பூசிப்போடலாம் கண்ணு" என்று பூவாத்தாள் கேட்டபோது, "ஒழுகுறது ஒங்க வீட்லதானக்கா" என்று சொல்லிவிட்டாள் நாகஜோதி.

நாலில் இரண்டை ஒரு பனியன் கம்பெனி வாங்கி, வேலைக்கு வந்த பெண்பிள்ளைகளை அறைக்குப் பத்துப் பேராக அடைத்துவைத்திருந்தது. மீதி இரண்டும் கிடைத்தால் இடித்துப் பெரிய ஹாஸ்டலாகக் கட்டிவிடுவார்கள். விற்பதில்லை என்று பெண்கள் இருவரும் கையடித்துப் பேசியிருந்தார்கள். ஆனால் கையடித்தவள் வீட்டுப் படியில் கம்பெனிக்கு வீடு பிடித்துக்கொடுக்கும் புரோக்கர் சாமியப்பன் இந்த வாரம் இரண்டு தடவை இறங்கியதை நாகஜோதி கண்ணால் பார்த்தாள். தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவளுக்குச் செத்த புருஷன் விட்டுப்போனது அந்த வீடு ஒன்றுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அவளே சாமியப்பனை வழிமறித்துக் கேட்டாள்.

"மேலூட்டுல பேசுனத நான் வெளிய சொல்லக் கூடாதுங்க," என்றார் அவர். "ஆனா கடைசியா நிக்கறவங்க பாடு பாவமுங்க. கேட்ட வெல கெடைக்காதுங்க."

வேறென்ன வேண்டும்? துரோகி முந்திக்கொள்வதற்குள் நாம் முந்துவோம் என்று மறுநாளே அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டு, அட்வான்ஸும் வாங்கிவிட்டாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடிந்ததும் வாசலில் மணலும் சிமெண்ட் மூட்டையும் இறங்கின. கொத்தனார் மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

"ஒழுக்க அடைக்காம வெள்ளையடிச்சு என்ன கண்ணு பிரயோசனம்? அதான் ஆளுக்காகப் பாத்துட்டிருந்தேன்," என்றாள் பூவாத்தாள். "உம்பட பங்கு ஒண்ணும் வேண்டாம், நானே பாத்துக்கறேன்."

நாகஜோதிக்கு வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன.

"அந்தச் சாமியப்பன் வந்தாரேக்கா..."

"சும்மா சும்மா வந்து நச்சரிச்சாரு. நேத்துப் பொழுதோட மறுபடியும் வந்தாரு. கீழூட்டு ஜோதி கையெழுத்துப் போட்டா நானும் போடறேன், அவ இல்லாம எனக்கு மட்டும் இங்கென்ன வேலைன்னு சொல்லிப்போட்டேன். பத்திரத்த எடுத்து வைங்க, நாளைக்கு வாரேன்னு சிரிச்சுட்டே போறாரு. அந்தாளுக்கென்ன பைத்தியமா கண்ணு?"