திரைக்குப் பின்னால் போட்ட ஊசி

"ஊசி போட ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தராவது கண்ணு தெரிஞ்சு செத்திருக்காங்களா? நீ பாத்திருக்கியா?"

இறால் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டே ரூஃபினா இப்படித்தான் ஒரு நாள் கேட்டாள். பூத்தையல் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கறுப்பு வெல்வெட்டிலிருந்து தலையைத் தூக்காமல் எலோய்னா யோசித்துப் பார்த்தாள். அமாதா அத்தைக்கு ஊசி தொடங்கியது மழைக்காலத்தில். கிறிஸ்துமஸ் பூசைக்கு அவளைக் கைபிடித்துத்தான் கோவிலுக்குக் கூட்டிப் போனார்கள். ரொட்டிக்கடை எர்மிலோவுக்கும் அதே கதை. வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

ஹுசித்தான் ஊரில் சர்க்கரைக்கு யாரும் எடுத்த எடுப்பில் ஊசிக்குப் போவதில்லை. முதலில் கள்ளிச் சாறு, பிறகு மரப்பட்டைக் கசாயம், பிறகு முட்டையை உடம்பெல்லாம் உருட்டி பயத்தை இறக்கும் மந்திரிப்பு. சர்க்கரை வியாதியே ஏதோ பெரிய பயத்தில் பிடித்துக்கொள்வது என்பதுதான் அங்கே எல்லோருடைய எண்ணமும். மாத்திரையும் கைவிட்டு, கால் மரத்து, உடம்பு பாதி உளுத்துப் போன பிறகுதான் ஊசி. கடைசியாக வந்தவன் தலையில்தான் பழி விழும். இதெல்லாம் எலோய்னாவுக்கு அன்று தோன்றவில்லை. அவள் குருடானவர்களை மட்டும் எண்ணினாள்.

"உனக்குச் சோறு போடறதே அந்தக் கண்ணுதான். பாத்துக்க, கொமாத்ரே" என்றாள் ரூஃபினா. எலோய்னாவின் மகள் நெரெய்தாவுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவள் அவள். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூடப் பிறந்தவர்களுக்கு மேலே.

அப்போது எலோய்னாவுக்கு ஊசி எழுதிக் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா சின்னப் பெண். ஸ்பானிஷ் மொழியைக் கொட்டுகிற மழை மாதிரிப் பேசினாள். எலோய்னா ஜாபோதெக் பேசி வளர்ந்தவள்; அவளுடைய ஸ்பானிஷ் நூல்கடையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். நெரெய்தா மருந்து வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தாள். கடைசியில் டாக்டரம்மா தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். எலோய்னா தலையாட்டினாள். தலையாட்டினால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.

காலையில் முதல் வேலை ஊசிதான் என்று ஆயிற்று. நெரெய்தா குளிர்ப்பெட்டியிலிருந்து சின்ன மருந்துக் குப்பியை எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டுவாள். பால் கலங்கின மாதிரி ஆனதும் ஊசியில் இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நகத்தால் சுண்டிக் காற்றுக் குமிழை விரட்டுவாள். அதற்கு முன்னால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்க்க வேண்டும். மற்ற விரல்களெல்லாம் தையலுக்கு வேண்டும் என்று எலோய்னா இடது சுண்டு விரலின் ஓரத்தை மட்டும்தான் நீட்டுவாள்.

"ஒரே விரலக் குத்தினா ஓட்டையாப் போயிடும்மா."

"போகட்டும். அந்த விரலால நான் என்ன, கல்யாண மோதிரமா போடப் போறேன்?"

வடக்கே போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு வெகு காலமாகிறது. அதைச் சொல்லித் தாயும் மகளும் சிரிப்பது வழக்கம்.

ஊசி போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட வேண்டும். ஒரு நாள் தைத்துக்கொண்டிருந்த பூவைப் பாதியில் விட்டுவிட்டு எழ மனமில்லாமல் எலோய்னா உட்கார்ந்துவிட்டாள். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, நூல்கண்டுகள் மேல் சரிந்தாள். நெரெய்தா ஓடி வந்து வெல்லம் கரைத்த தண்ணீரை வாயில் ஊற்றினாள். சரியாகிவிட்டது. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகுதான் கண் மங்கத் தொடங்கியது.

இதழின் ஓரத்தில் இறங்க வேண்டிய தையல் ஊசி ஒரு தானிய அளவு தள்ளி இறங்கியது. சாக்குக்கட்டியால் வரைந்த கோடு இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தாள், விளக்கை மாற்றினாள், சட்டத்தை வாசல் பக்கம் இழுத்துப் போட்டாள். மே மாத வேலா விழாவை அந்த வருஷம் எடுத்து நடத்தும் வீட்டுக்காரிக்கான உடை அது. பாவாடை முழுக்கப் பெரிய பெரிய பூக்கள். ஊரே கூடி நிற்கும் இடத்தில் ஒவ்வொரு இதழையும் ஒவ்வொரு பெண்ணும் தொட்டுப் பார்ப்பாள். கோணலாகப் போன ஒரு பூவை எலோய்னா இரவோடு இரவாகப் பிரித்தாள். பிரிக்கும்போது அமாதா அத்தை தடவித் தடவிக் கோவில் படி ஏறியது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் மகளிடம் சொன்னாள்: "நீ அளந்து மட்டும் குடுடீ. நானே போட்டுக்கறேன். வயித்தக் காட்டிக்கிட்டு நிக்க வெக்கமா இருக்கு."

"எங்கிட்ட என்னம்மா வெக்கம்?"

"உனக்கு ஒரு வயிறு வரும்போது தெரியும்."

ஊசியை வாங்கிக்கொண்டு கட்டில் திரைக்குப் பின்னால் போனாள். பாவாடை நாடாவில் ஒரு பழந்துணிச் சுருளைச் செருகி வைத்திருந்தாள். ஊசியை அதில் குத்தி, கட்டை விரலால் கடைசி வரை அழுத்தினாள். துணி குளிர்ந்தது. "ஆச்சா?" என்று வெளியிலிருந்து குரல். "ஆச்சு" என்றாள். அவ்வளவு சுலபமாக இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அப்படித்தான். ஒரு தடவை துணி துவைக்கும்போது நெரெய்தா மோந்து பார்த்துவிட்டு, "உன் பாவாடைல ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குதும்மா" என்றாள். "ஊசி போடறவ மேல பின்ன மல்லிகையா மணக்கும்?" என்றாள் எலோய்னா. சுண்டு விரல் கணக்கு ஏறிக்கொண்டே போனபோது, பக்கத்து வீட்டில் சோளக்கஞ்சி கொடுத்தார்கள், மாம்பழம் தின்றுவிட்டேன் என்று ஏதாவது சொல்லி வைத்தாள். பிறகு, சோதனைப் பட்டைக்கு ஏன் வீண் செலவு என்று அதையும் நிறுத்தினாள். தாகம் எடுத்தது. இரவில் பலமுறை எழ வேண்டியிருந்தது. வெயில் காலத்தில் யாருக்குத்தான் தாகம் இல்லை.

சில வாரங்களில் கண் தெளிந்தது.

ஒரு காலையில் நூலைக் கோத்தாள். ஒரே முயற்சியில் ஊசிக்காதுக்குள் போயிற்று. எலோய்னா அதை வெளியே இழுத்து மறுபடி கோத்துப் பார்த்தாள். மறுபடியும் போயிற்று. ரூஃபினா சொன்னது சரியாகிவிட்டது. சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுத் தைத்தாள். அந்த வருஷம் தைத்தது போல அவள் அதற்கு முன் தைத்ததே இல்லை. விழா இரவில் பந்தலுக்குக் கீழே அந்தப் பாவாடை சுழன்றபோது, பீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ஆண்கள்கூட வழிவிட்டு நின்று பார்த்தார்கள்.

"இது கையா, என்னது கொமாத்ரே?" என்றாள் ரூஃபினா.

"கண்ணு" என்றாள் எலோய்னா.

மழை தொடங்கிய பிறகு, ஒரு நாள் வெள்ளைத் துணியில் தைத்துக்கொண்டிருந்தபோது அதன் மேல் ஒரு கறுப்பு நூல் கிடந்தது. விரலால் எடுத்துப் போட்டாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். அவள் சுவரைப் பார்த்தபோது நூல் சுவருக்குப் போயிற்று. கூரையைப் பார்த்தபோது கூரையில் தொங்கியது. சாயங்காலத்துக்குள் நிறைய நூல்கள், ஒன்றோடொன்று சிக்கி. மறுநாள் விடிந்தபோது இடது கண்ணில் விடியவே இல்லை.

மலைப் பாதையில் நாள் முழுக்கப் பஸ்ஸில் போய் ஓஹாக்கா நகரத்துக் கண் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் வயதானவர், நிதானமாகப் பேசினார். நெரெய்தா ஒவ்வொன்றாக அம்மாவுக்கு மாற்றிச் சொன்னாள். கண்ணுக்கு உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது. பல வருஷமாக ஏறியே கிடந்த சர்க்கரை ரத்தக் குழாய்களை அரித்ததுதான் காரணம். இடது கண் இனி இல்லை. வலது கண்ணிலும் கசிவு பரவிவிட்டது; ஒளிக்கதிர் வைத்துப் பார்க்கலாம். வெளிச்சமும் நிழலும் ஆள் அசைவதும் மிஞ்சும். சர்க்கரையை இறக்கிப் பிடித்து வைத்தால்தான் அதுவும் நிற்கும்.

பிறகு அவர் ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். இவ்வளவு ஊசி போடுகிறவருக்குச் சர்க்கரை எப்படி இப்படி நிற்கிறது என்று கேட்டார்.

"ஒரு நாள் விட்டதில்ல டாக்டர். நானே அளந்து குடுத்தேன்" என்றாள் நெரெய்தா.

அவர் அளவை ஏற்றி எழுதினார். எழுதிக்கொண்டே, ஊசி தொடங்கிய புதிதில் பார்வை மங்கியதா என்றும் கேட்டார். மங்கும், அது ஒன்றுமில்லை, சர்க்கரை இறங்கும்போது கண் பழகச் சில வாரம் ஆகும், அப்புறம் தானே தெளியும், அங்கேயே சொல்லியிருப்பார்களே என்றார். நெரெய்தா அதையும் போகிற போக்கில் மாற்றிச் சொன்னாள். எலோய்னா மடியிலிருந்த கையால் பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். தன் கண்ணைத் தொட்டுக் காட்டிச் சிரித்த அந்தச் சின்னப் பெண்ணின் முகம் மட்டும் அப்போது அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரூஃபினா வந்து கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, ஊஞ்சல்வலையில் சாய்ந்து, "நான் சொன்னேனா இல்லையா?" என்றாள். "இப்ப எனக்கும் அதே ஊசிக்குச் சீட்டு எழுதிக் குடுத்திருக்கா அந்தப் பொண்ணு. கிழிச்சு இறால் பொட்டலம் கட்டிட்டேன். சந்தையில எல்லார்கிட்டயும் சொல்றேன், போயி எங்க எலோய்னாவப் பாருங்கடீன்னு."

எலோய்னா வாயைத் திறந்தாள். அடுப்படியில் நெரெய்தா பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் குளிர்ப்பெட்டி திறந்தது. குப்பி கைகளுக்கு நடுவே உருளும் சத்தம் மெல்ல வந்தது. பிறகு நின்றுவிட்டது.

"என்னடீ?"

"என்னால முடியலம்மா."

"என்ன முடியல?"

"ஒவ்வொரு நாளும் நாந்தான அளந்து குடுத்தேன். ஊரே சொல்லுது. ஞானத்தாய் அப்பவே சொன்னாங்க, நான் கேக்கல. என் கையாலயே உன் கண்ண..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை. "இனிமே நான் இதத் தொட மாட்டேன். அந்த டாக்டர் என்ன வேணா சொல்லட்டும்."

அவள் கடைக்குப் போன பிறகு எலோய்னா தானே தடவிப் போய்க் குப்பியை எடுத்தாள். மூடியில் ஊசி முனையைச் செருக முடிந்தது. இழுக்கவும் முடிந்தது. ஆனால் உள்ளே வந்தது மருந்தா காற்றா என்று தெரியவில்லை. கோடுகளை நகத்தால் தேடினாள். கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. கொஞ்சம் கூடினால் அன்றைக்கு மாதிரி நடுங்கி விழ வேண்டியதுதான், தனியாக. ஊசியைத் திரும்ப வைத்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே போயிற்று, அதற்கு அடுத்த நாளும். வாசல் பக்கம் தெரிந்த வெளிச்சம் ஒரு சதுரமாக இருந்தது. இப்போது அதன் மூலைகள் கரைந்துகொண்டு வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெரெய்தா அம்மாவின் தலையை வாரி, ரிப்பன் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். ரூஃபினா ஊஞ்சல்வலையில் கிடந்து விசிறிக்கொண்டிருந்தாள். வெளியே காற்று தகரத்தை அடித்தது.

"ஊசியால போகலடீ" என்றாள் எலோய்னா.

பின்னுகிற கை நிற்கவில்லை. "சரிம்மா."

"கேளு. ஊசி என் உடம்புக்குள்ள போகவே இல்ல. நீ குடுத்தத நான் துணியில எறக்கிட்டேன். திரைக்குப் பின்னால."

விசிறி நின்றது. ரூஃபினா ஒரு பெருமூச்சு விட்டாள். "பாத்தியாடீ உங்கம்மாவ? நீ அழறன்னு பொய் சொல்றா. குருடாயும் உன்னைத்தான் பாக்கறா."

"பொய் இல்ல, கொமாத்ரே. நீயும் போட்டுக்க. உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

"நல்லாருக்கே. எங்கண்ணையும் சேத்து எடுத்துக்கலாம்னு பாக்கறியா?" என்று சிரித்தாள் ரூஃபினா. அந்தச் சிரிப்பில் இரக்கம்தான் இருந்தது.

நெரெய்தாவின் விரல்கள் கூந்தலுக்குள் அசையாமல் இருந்தன.

"எல்லா நாளுமா?" என்று கேட்டாள்.

"முதல்ல கொஞ்ச நாள் போட்டேன். கண்ணு மங்குச்சு. அப்புறம், எல்லா நாளும்."

"நான் ஆச்சான்னு கேப்பேனே."

"கேப்பே."

எலோய்னா அவசர அவசரமாகப் பேசினாள். அந்த உடை கெட்டுப்போயிருந்தால் அடுத்து யார் வேலை கொடுப்பார்கள் என்று பயந்ததைச் சொன்னாள். அமாதா அத்தையைச் சொன்னாள். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, உன் கை சுத்தமான கை என்றாள். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது, இன்றைக்கு அளந்து கொடுத்தாயானால் உன் கண் முன்னாலேயே போட்டுக்கொள்கிறேன், வயிற்றைத் திறந்து காட்டிப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். பேசப் பேச, கூந்தலைப் பிடித்திருந்த இழுப்பு விட்டுப் போனதை உணர்ந்து கையைப் பின்னால் கொண்டுபோனாள். பாதி பின்னிய பின்னல் தோளில் அவிழ்ந்து கிடந்தது. ரிப்பன் அவள் மடியில் இருந்தது.

"நெரெய்தா?"

"எங்க போற வெயில்ல?" என்று ரூஃபினா வாசல் பக்கமாகக் கத்தினாள்.

வாசலில் மிஞ்சியிருந்த வெளிச்சத்தை ஒரு நிழல் மறைத்தது. பிறகு விலகியது. இரும்புக் கதவு திறந்து, காற்றில் தானே சாத்திக்கொண்டது.