அசையாதீங்க

1

இந்தக் கதை என் சரக்கல்ல. ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் என் தங்கையின் கணவர் சொன்னது. "எழுதுங்க மச்சான். ஆனா என்னை நல்லவனா காட்டாதீங்க" என்றார். அதோடு என் கையைக் கட்டிவிட்டார்.

2

முதல் தொடக்கம்: கண்ணாடிக்கு அப்பால் மரணம் மெல்ல அடியெடுத்து...

(அடித்துவிட்டேன். மரணமாவது, அடியெடுப்பதாவது! மாப்பிள்ளை அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.)

இரண்டாம் தொடக்கம்: வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுக்க, ஓய்வுபெற்ற டிரில் டீச்சர் ஒருவர் வந்தார். முப்பது வருடம் பிள்ளைகளை வெயிலில் ஆடாமல் அசையாமல் நிற்க வைத்தவர். படம் தெளிவாக விழுவதற்கான மருந்தை நரம்பில் ஏற்றும் முன் மாப்பிள்ளை வழக்கமான பாட்டைப் பாடினார். "உடம்பு சூடாகும், பயப்படாதீங்க. அசையாதீங்க. ஏதாவது பண்ணுச்சுன்னா மணியை அமுக்குங்க."

மணியின் பொத்தானை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார்.

3

அபூர்வமாகச் சிலருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. மூச்சுக்குழாய் இறுகும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எல்லாம் சில நிமிடங்களில்.

மணி அடிக்கவில்லை. படம் பளிச்சென்று வந்தது, துளி ஆட்டமில்லை. மாப்பிள்ளை மைக்கில், "சூப்பர் டீச்சர்! அப்படியே இருங்க" என்றார்.

(இந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அதை எடுத்தா கதையே வேண்டாம் மச்சான்.")

அந்த நேரத்தில் டீச்சர் என்ன நினைத்திருப்பார் என்றால்... தெரியாது. விட்டுவிடுகிறேன்.

உள்ளே போனபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

4

பிழைத்தாரா? பிழைத்தார். இதில் உங்களை இழுத்தடிக்க எனக்கு மனமில்லை. டாக்டர் ஓடிவந்தார், ஊசி போட்டார். மூன்று நாள் மூச்சுக் கருவி. ஐந்தாம் நாள் மாப்பிள்ளை கட்டிலருகே போய் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார், கேட்டது வேறு.

"மணி கையிலதானே இருந்துச்சு டீச்சர். ஏன் அமுக்கலை?"

"அமுக்கினா அசைஞ்ச மாதிரி ஆயிடுமே தம்பி. நீங்க வேற சூப்பர்னு சொன்னீங்க." குரல் கரகரத்தது. முகத்தில் அப்படியொரு பெருமை. "படம் நல்லா வந்துச்சா?"

5

முடிவு ஒன்று: "ரொம்ப நல்லா வந்துச்சு டீச்சர்." பொய் இல்லை.

முடிவு இரண்டு: "நான் படத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன் டீச்சர். உங்களைப் பார்க்கல."

இரண்டில் ஒன்றைத்தான் மாப்பிள்ளை சொன்னார். எதை என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். டீச்சர் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.