ஊசி போட்ட ஆண்

…கதவில் இடித்துக்கொண்டேன் என்றே சொல்லிவிடலாம், யார் கேட்டாலும் அதுதான் பதில் என்று நினைத்தபடி ரோஹிணி கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்தபோது தாடை விண்ணென்று தெறித்தது, சாங்வியில் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சமையலறைக் கதவு நிஜமாகவே அவளை இடித்ததுதானே, தலைமுடியைப் பிடித்து மோதவைத்த கை கணவன் சபரியுடையது என்பதை மட்டும் விட்டுவிட்டால் அதில் பொய் ஏது? பெட்டிக்குள் இரண்டு ஆண் சுவர்க்கோழிகள். அவற்றில் ஒன்றின் வயிற்றில், கொதிக்கவைத்துக் கொன்ற கிருமிகளை நேற்று அவளே ஊசியால் செலுத்தியிருந்தாள். செத்த கிருமியால் நோய் வராது, ஆனால் உடம்புக்கு அது தெரியாது, நோய் வந்துவிட்டது, சாகப்போகிறோம் என்று எண்ணிப் போருக்குக் கிளம்பிவிடும்… அப்படி எண்ணிக்கொண்ட ஆண் என்ன செய்யும், சுருண்டு கிடக்குமா, இல்லை மிச்சமிருக்கும் உயிரையெல்லாம் பெண்ணை அழைப்பதிலேயே கொட்டிவிடுமா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் புனேயின் இந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சம்பளம். முன்பு ஊசி போட்ட இளசுகள் அடங்கிப்போயின. வயதான இது அடங்கவில்லை, சிறகை உரசி உரசிக் கத்தியது, மற்றதன் மேல் பாய்ந்து தாடையால் கவ்விப் புரட்டியது, ஓடியதைத் துரத்திப் பின்னங்காலைப் பிய்த்தெறிந்தது, கால் மட்டும் தனியே கிடந்து துடிக்க, பக்கத்திலேயே நின்று மறுபடி பாடியது.

தன் உடம்பில் கிருமி இருப்பது சபரிக்கும் தெரிந்தது ஒரு ரத்ததான முகாமில்தான். ஹடப்சரில் அவனுடைய கம்பெனி நடத்திய முகாம், கொடுத்த ரத்தம் ஆகாது என்றார்கள், ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறதாம்… அதை அவளிடம் மறைத்து வைத்துக்கொண்டு அவன் திடீரென்று எவ்வளவு பிரியமாகிப்போனான், மல்லிகைச் சரம் வாங்கி வந்தான், மழையில் பைக்கில் சிங்கட் மலைக்குக் கூட்டிப்போனான், போகிற வழியெல்லாம் குழந்தை, குழந்தை என்ற ஒரே பேச்சு. அவளும் மயங்கத்தானே செய்தாள்? பழைய அடிகளையெல்லாம் மறந்து அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு போகவில்லையா? இன்று காலை தோசைக்கல்லுக்கு முன்னால் முகாமில் சொன்னதை அவனே வாய்தவறி உளறினான்; கிருமி ஒட்டிக்குமே, இப்ப வேண்டாங்க என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் முடி அவன் கையில் சிக்கியிருந்தது, கதவு, மறுபடி கதவு, கீழே விழுந்தவளின் விலாவில் உதை, பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் அவள் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவன் அழுதான். "நான் போயிட்டா எம் பேரு சொல்ல ஒண்ணு வேண்டாமா, ரோஹிணி?" கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசையில் இருந்த கீர்த்தி எழுந்து வந்து அவள் முகத்தையே பார்த்தாள். கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண், தமிழ் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். கதவு என்று ரோஹிணி ஆரம்பித்ததும் தலையை ஆட்டினாள். "அக்கா, நீங்க இடிச்சிக்கல. ஜூட்… பொய் பேசாதீங்க." ரோஹிணி காலிழந்ததை இடுக்கியால் எடுத்துவிட்டு ஒரு பெண் சுவர்க்கோழியைப் பெட்டிக்குள் விட்டாள். ஊசி போட்ட ஆணின் பாட்டுக்குப் பெண் நேராகப் போனது, அதன் முதுகில் ஏறியது, அந்த ஆணுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பெண்ணுக்குத் தெரியுமா, தெரிந்தால் ஏறியிருக்குமா? கூடி முடித்ததும் பெண்ணின் வாலில் வெள்ளையாக ஒரு விந்துப்பை தொங்கியது. விந்து முழுக்க உள்ளே இறங்கும்வரை பெண் அசையக் கூடாது, நகர்ந்தால் ஆண் உடம்பை வெடுக்கென்று உதறி முட்டியது, மூலையில் தள்ளி நிறுத்தியது, அசையாதே, அசையாதே… பெண் வளைந்து அந்தப் பையைக் கவ்விப் பிடுங்கி மெல்ல ஆரம்பித்தது. ஆண் முட்டிக்கொண்டே இருந்தது. பெண் தின்றுகொண்டே இருந்தது.

மத்தியானம் செல்போன் அடித்தது, வாசலில் நிற்கிறேன் என்றான் சபரி. போகாமல் இருந்தால் உள்ளே வந்து கத்துவான், எல்லோரும் பார்ப்பார்கள் என்று போனாள். தூறலில் பைக்கின் மேல் சாய்ந்து நின்றவன் முகம் தெளிந்திருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறானாம், ஈரலுக்கு ஒன்றுமில்லையாம், இப்படியே பல வருஷம் ஓட்டலாமாம், அவள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் சில மாதத்தில் எல்லாம் சரி, குழந்தைக்கும் ஒட்டாது. சாகப்போகிறவன்தானே காலையில் அடித்தான், இவன் யார்? "அந்த ஊசி எனக்கு முன்னமே போட்டாச்சுங்க," என்று அவள் வாய் சொல்லிவிட்டது, "இங்க வேலைக்குச் சேந்தப்பவே." ஏன் சொன்னாள், கையிலிருந்த ஒரே சாக்கை எதற்காக விட்டெறிந்தாள்? அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான், மெதுவாக முறுக்கினான்.

"அப்புறம் ஒட்டிக்கும்னு எதுக்குச் சொன்னே? என்னதான் உனக்குத் தடை?"

எலும்புக்குள் வலி ஏறியது. தடை… கிருமி மாதிரி ஒரு சாக்கு இல்லாமல் இவனிடம் ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளா, தலைவலி, விரதம், வேலை, எப்போதும் எதையாவது முன்னால் நிறுத்தித்தானே அதன் பின்னால் ஒளிந்திருக்கிறாள்? "வேண்டாங்க," என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை. அவன் இன்னும் முறுக்கினான். அப்போது அவளுடைய இன்னொரு கை தன்பாட்டில் போய் அவன் சுண்டுவிரலைப் பற்றிப் பின்னுக்கு வளைக்க ஆரம்பித்திருந்தது, சொடக்கென்று ஏதோ கேட்டது, மணிக்கட்டை விட்டுவிட்டு அவன் குனிந்து, "விடு, ரோஹிணி, விடு" என்று முனகினான், வாட்ச்மேன் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார், விட்டுவிடலாம், அவன் பிடி போய்விட்டது, இனி விட்டுவிடலாம்தான்… ஆனால் விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.