மஞ்சள் ஒயரின் பிறந்த நாடு

வாக்குப்பதிவுக்குச் சரியாக நாற்பத்தொரு மணி நேரம் இருந்தபோது, வாக்கு இயந்திரத்துக்குள் ஒரு ஜப்பான்காரன் புகுந்திருப்பது தெரிந்தது. மின்சாரத்தை ஒரே பக்கமாக மட்டும் விடும், மிளகளவு டயோடு.

துவாக்குடித் தொழிற்சாலை ஊழியர்களுக்கு அரிசியும் சீயக்காயும் விற்கும் கூட்டுறவுப் பண்டகசாலைக்கு, 1984-இல், தலைவரைத் தேர்ந்தெடுக்க இயந்திரம் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. தலைவர் சண்முகசுந்தரம்தான் பத்திரிகையில் படித்துவிட்டுத் தன் மைத்துனர் ராசப்பனிடம் சொல்லி ஒன்று செய்ய வைத்தார். வேட்பாளருக்கு ஒரு பொத்தான். அழுத்தினால் பெட்டிக்குள் அவருடைய மீட்டரில் எண் ஒன்று கூடும். வேட்பாளர்கள் இரண்டே பேர். ஒருவர் சண்முகசுந்தரமேதான்.

எதிர்த்து நின்ற தைரியராஜ், பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்.

"தாராளமா. வெளிநாட்டுக்காரன் சதி ஏதாவது உள்ள இருந்தா நம்ம எல்லாருக்கும்தானே ஆபத்து?" என்றார் தலைவர்.

அன்றைக்கே ஒரு விதி பிறந்தது: அந்நியப் பாகம் ஒன்றுகூட இருக்கலாகாது. ஆராய்ந்து சான்று தர அறிவியல் படித்தவர் வேண்டும். பில் போடும் பூரணி பி.எஸ்ஸி. பௌதிகம். அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

அவளுக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. நிரந்தரம் செய்யும் உத்தரவு தலைவர் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. ஸ்ரீரங்கத்தில் ஏறி, சத்திரம் பஸ் நிலையத்தில் மாறி வந்துசேரும் ஒன்றரை மணி நேரமும் அவள் அந்தக் காகிதத்தையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

தேர்தல் அதிகாரி திருவேங்கடம், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். ஜெர்மனியில் செய்த பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்தார். அவள் படிவத்தில் எழுதினாள். கட்டங்கள் மூன்று: பாகம், எண்ணிக்கை, பிறந்த நாடு. பன்னிரண்டாவது வரிசையில் ஜப்பான்காரன் பிடிபட்டான்.

முப்பத்தொன்றாவது, மஞ்சள் ஒயர். பூரணி அதன் இரண்டு முனைகளையும் விரலால் தொடர்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"சார், இந்த மஞ்சள் ஒயர்..."

"எந்த நாடும்மா?"

"இந்தியாதான் சார். ஆனா..."

"இந்தியான்னா அப்புறம் ஆனா எதுக்கு? ஆனாவுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே. அடுத்தது சொல்லுங்கோ."

அவள் 'இந்தியா' என்று எழுதினாள்.

ஜப்பான் டயோடை உறையிலிட்டு, ஐந்து இடத்தில் அரக்கு வைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். உள்நாட்டு டயோடு பொருத்துவதற்காக இயந்திரம் ராசப்பன் வீட்டுக்குப் போயிற்று.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எல்லோரும் தலைவர் அறையில் கூடினார்கள். இயந்திரம் மேஜைமேல், மூடி திறந்திருந்தது. பூரணி எட்டிப் பார்த்தாள். மஞ்சள் ஒயர் போட்டது போட்டபடி இருந்தது.

"ஒரு தடவை அழுத்திப் பார்த்துடலாமே," என்றார் தைரியராஜ்.

"அழுத்தினா அது வாக்கு. முன்னாடியே வாக்கு விழுந்தா தேர்தலே செல்லாது. விதி தெரியாம பேசப்படாது," என்றார் திருவேங்கடம்.

"சோத்தை ருசி பாக்காம பந்தி வைக்கிறீங்க."

"ருசி பாத்தா எச்சில்."

சண்முகசுந்தரம் சிரித்தபடி சான்றிதழைப் பூரணி பக்கம் நகர்த்தினார். அதன் அருகே அவளுடைய உத்தரவையும் வைத்தார். சிங்கப்பூர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"இதுல நீங்க போடுங்க. அதுல நான் போட்டுடறேன். ஒரே பேனா போதும்."

'இவ்வியந்திரத்தில் அந்நியப் பாகம் எதுவும் இல்லை' என்றிருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. கையெழுத்துப் போட்டால் அவள் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, பேனா எழுதலையா?" என்றார் தைரியராஜ்.

"எழுதும் சார்."

அவள் பேனாவை மூடித் தன் உத்தரவின்மேல் வைத்தாள். எழுந்து நின்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது.

"முப்பத்தொண்ணாவது மஞ்சள் ஒயர். நம்ம நாட்டு ஒயர்தான், நல்ல ஒயர். அது தைரியராஜ் சாரோட பொத்தான்ல கிளம்பி, தலைவர் சார், உங்க மீட்டர்ல போய்ச் சேருது."